பின்பக்கமாக நடந்த ஹைகனுஷ்

தலைநகர் யெரவானுக்குச் சரக்கு லாரி ஓட்டும் அர்ஷாக், தன் இரண்டாம் கல்யாணப் பேச்சில் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தான். "என் பொண்ணு சரின்னா எனக்கும் சரி." பொண்ணு நுவார்த்துக்கு ஒன்பது வயசு. தாய் போனதிலிருந்து வீட்டுச் சாவியே அவள் கையில்தான். மணப்பெண் ஹைகனுஷுக்கோ முப்பத்தெட்டு. அர்ஷாக்கை ரொம்பப் பிடித்துப் போயிருந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. ஒன்பது வயசு மாமியாரிடம் பாஸாக வேண்டும் என்று அவள் தலையில் எழுதியிருந்தால் யார் என்ன செய்வது?

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நுவார்த்தையும் அவள் தம்பி ததுலையும் மலைமேல் இருக்கும் எண்ணூறு வருஷத்துத் தேவாலயத்துக்குக் கூட்டிப் போனாள். வழியெல்லாம் நுவார்த் வாயே திறக்கவில்லை. உள்ளே போனதும் திறந்தாள்.

"முக்காடு நழுவுது."

கொஞ்ச நேரம் கழித்து, "மெழுகுவத்தியைக் கோணலா நட்டிருக்கீங்க."

ததுல் நல்ல பிள்ளை. சுவரில் செதுக்கியிருந்த சிங்கத்தின் வாயில் தன் இனிப்பு ரொட்டியைத் திணித்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது பீடத்துக்கு முதுகு காட்டக் கூடாது. பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்ட வேண்டும். மற்றவர்கள் நாலடி வைத்துவிட்டு நைசாகத் திரும்பிக்கொள்வார்கள். இவள் விடுவாளா, நுவார்த் பார்க்கிறாளே. பீடத்தைப் பார்த்தபடி பயபக்தியோடு பின்னால் நகர்ந்தாள்.

லாரிக்காரன் மகன் சும்மா இருப்பானா? அவளுக்கு எதிரே நின்று கையை ஆட்டினான். "வரலாம், வரலாம்... லெஃப்ட்ல ஒடி, இன்னும் நல்லா ஒடி..."

ஐந்து வயசுப் பயலுக்கு லெஃப்ட் எது, ரைட் எது? அவளும் நம்பி ஒடித்தாள். மணலும் தண்ணீரும் நிரப்பி, மெழுகுவத்திகள் நட்டு எரிந்துகொண்டிருந்த பெரிய தட்டில் போய்ச் சப்பென்று உட்கார்ந்தாள். சுர்ரென்று சத்தம். ஊரார் வேண்டுதலில் பாதி அணைந்துபோனது.

"போதும், நிறுத்து" என்றான் ததுல் சாவகாசமாக.

மெழுகுவத்தி விற்கிற அம்மாள் ஓடி வந்தாள். "இவ்வளவு பெருசா வளர்ந்திருக்கியே, கண்ணை எங்கடி வச்சிட்டு வந்த?"

ஹைகனுஷ் தட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எல்லாம் போச்சு, இனி கல்யாணமாவது கத்தரிக்காயாவது. அர்ஷாக்கை இனிமேல் நினைத்துப் பார்க்கவும் வழியில்லை.

அதற்குள் நுவார்த் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். "அவங்க ஒழுங்காத்தான் நடந்தாங்க. தட்டை யாரு நடுவழியில வைக்கச் சொன்னா?" என்று அந்த அம்மாளைக் கேட்டாள். மூன்று பேருமாக அணைந்த மெழுகுவத்திகளை நிமிர்த்தி ஏற்றினார்கள். பிறகு நுவார்த் அவள் கையைப் பிடித்து வாசல்வரை நடத்திக்கொண்டு போனாள்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. அர்ஷாக்தான். மகளிடம் கொடுக்கச் சொன்னான்.

"என்னம்மா, ஆளு எப்படி?"

சொட்டிக்கொண்டிருந்த பாவாடையை நுவார்த் மேலும் கீழும் பார்த்தாள். ஹைகனுஷ் இடுப்பிலிருந்த ஸ்வெட்டர் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

"இவங்களைத் தனியா விட முடியாதுப்பா. நம்ம வீட்டுல வச்சுத்தான் பாத்துக்கணும்."