உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்

1

வாசகப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு. 'உள்ளூர்க்காரர்' என்ற சொல்லுக்குச் சான்றோர் பலர் பொருள் காண முயன்று தோற்ற இடத்தில், இக்கதை வெற்றிக்கொடி நாட்டப்போகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசிக்கவும்.

கதை பிறந்த விதம் இதுதான். எங்கள் தெருமுனைக் கடையின் ஷட்டரில் ஓர் அட்டை தொங்கியது: 'வாடகைக்கு. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்.' செல்போன் பழுது பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கடை வேண்டும். அவள் வேலை செய்யும் மேசைக்கடியில் காலை நீட்டித்தான் அவளுடைய அப்பா தூங்குகிறார். வீடு அவ்வளவுதான்.

2

வெளியூரிலிருந்து வந்த எலெக்ட்ரீஷியனின் மகள்... (அடித்துவிட்டேன். வந்தவர் அப்பா. அவள் எங்கிருந்தும் வரவில்லை, பிறந்தாள்.)

இந்த மண்ணின் மகளான அவள்... (சீச்சீ, மைக் பிடித்த வாடை.)

அவள்...

சரி, அவர்களே பேசட்டும்.

3

கடை முதலாளி இருப்பது வெளிநாட்டில். அவருடைய அக்காள் போனை நீட்டிப் பிடிக்க, திரையிலிருந்து கேட்டார்:

"சொந்த ஊர் எதும்மா?"

"இதே தெருதான் சார்."

"அது நீ பொறந்தது. சொந்த ஊரு?"

"அதான் சார் சொல்றேன்."

"அப்பாவுக்கு?"

"அவர் இங்க வந்து முப்பது வருஷம்..."

"பாத்தியா! 'வந்து'ன்னு உன் வாயாலயே சொல்லிட்ட."

"நீங்க போயும் அவ்வளவு வருஷம் ஆச்சே சார்?"

"தம்பி போனாலும் இந்த ஊர்க்காரன்டி" என்றாள் அக்காள்.

(அடிக்குறிப்பு: போனவர் உள்ளூர், இருப்பவள் வெளியூர். எந்த அகராதியும் இந்த இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடும்.)

4

முடிவு ஒன்று: முதலாளி மனம் திருந்துகிறார். (எழுதிய எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: அவள் அட்டையைக் கிழித்தெறிந்து முழங்குகிறாள். அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"வசனத்தை நீங்களே பேசிக்குங்க மாமா. எனக்கு வேலை கிடக்கு."

மூன்றாவதை என்னைக் கேட்காமல் அவளே முடித்துவிட்டாள். அடுத்த ஊரில், ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை பிடித்துவிட்டாள். தேடிப்போனேன். பலகை இல்லை. எதிரே இருந்த சலவைக்காரரிடம் விசாரித்தேன்.

"போன் ரிப்பேரா?" என்றவர், எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, "அந்த ஊர்க்காரப் பொண்ணுதானே? அதோ" என்று கைகாட்டினார்.

இது பட்டமா, நாடுகடத்தலா? கொடி, கம்பம் எல்லாம் உங்களிடம் ஒப்படைக்கிறேன், வாசகரே. வேண்டிய இடத்தில் நட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அலுத்துவிட்டது.

அவள் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருகிறாள்.