பெட்டிக் கறுப்பு

எங்கள் வீட்டுக்காரர் இராயப்பனுக்குத் தேயிலைத் தோட்டத்துத் துரையின் கார் என்றால் உயிர். கட்டின பெண்டாட்டியை அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்ததில்லை. இதைச் சொல்லி நான் அவரைக் கேலி செய்யாத நாளில்லை. ஆனால் அந்தக் காரோட்டும் வேலை போனால், கராஜுக்குப் பின்னால் எங்களுக்கு விட்டிருந்த இரண்டு அறையும் போய்விடும். அதனால் கேலிக்கும் ஓர் அளவு வைத்திருந்தேன்.

அது முப்பத்திரண்டாம் வருஷம். தேயிலை விலை விழுந்து, திம்புள்ளப் பக்கம் தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கைத் தீர்த்து, வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துப் போ என்றால் போக வேண்டியதுதான். அந்தச் சீட்டோடு போய் நின்றவர்களை வேறு எந்தத் தோட்டமும் சேர்க்கவில்லை. பாதிப் பேர் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். எங்களுக்கு அக்கரையில் ஒரு நாதியும் கிடையாது.

சனிக்கிழமைகளில் மட்டும் துரை காரைத் தானே எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போவார். குடித்துவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டும் வருவார். ஒரு ஞாயிறு காலை நாங்கள் பூசைக்குப் புறப்படும்போது பார்த்தால், இடப்பக்க மட்கார்டில் முழ நீளத்துக்கு மூன்று கீறல். கதவிலும் அங்கங்கே பெயிண்ட் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. பங்களா கேட்டின் கல்தூணில் காரின் கறுப்பு அப்படியே ஒட்டிக்கிடந்தது. இதற்கு மேல் சாட்சி வேறு வேண்டுமா?

"தொரை எந்திரிச்சதும் போய்ச் சொல்லிருங்க," என்றேன்.

"என்னான்னு சொல்ல? நீங்கதான் தூண்ல ஒரசிட்டீங்கன்னா?"

"ஒரசினது அவருதானே?"

"நீ சும்மா இரு புள்ள. தொரை மேல தப்புச் சொல்லிட்டு எவன் தோட்டத்துல இருந்திருக்கான்?"

மறுநாள் கொட்டுகிற மழையில் துரையைத் தலவாக்கலை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார். துரை வலப்பக்கமாக ஏறி வலப்பக்கமாகவே இறங்கியதால் எதையும் பார்க்கவில்லை. கொழும்பு போனவர் வெள்ளிக்கிழமைதான் திரும்புவார். அதற்குள் எல்லாவற்றையும் சரிபண்ணிவிடலாம் என்று இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டார்.

முதல் வேலையாகக் கல்தூணைத் தேய்த்துக் கழுவினார். இருந்த ஒரே சாட்சியையும் தன் கையாலேயே அழித்த புத்திசாலி. பிறகு மட்கார்டில் துரு பிடிக்கத் தொடங்கியிருந்த இடத்தை உப்புத்தாளால், சோப்புத் தண்ணீர் தொட்டுத் தொட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார்.

கார் பெயிண்டுக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். இங்கே கிடைத்ததெல்லாம் தேயிலை ஸ்டோரில் இருந்த கறுப்புத்தான். பெட்டிகளில் தோட்டத்தின் பெயரை எழுதுகிற நல்லமுத்து, ஒரு சிரட்டை நிறைய ஊற்றிக் கொடுத்திருந்தார். அதைக் கோழியிறகின் நுனியால் தொட்டு, கீறலுக்குள் மட்டும் இழுத்தார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இழுத்தார்.

செவ்வாய்க்கிழமை மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிக் கராஜுக்குள்ளேயே வந்துவிட்டது. பூசியதெல்லாம் சாம்பல் பூத்துப்போயிற்று. சுரண்டிவிட்டு மறுபடி பூசினார். புதன்கிழமை நான் ஓட்டை இரும்புச் சட்டியில் கரியைக் கனியவைத்து, மட்கார்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிட்டே போனால் கொப்புளம் வரும், தள்ளிப்போனால் காயாது என்று மாறி மாறித் திட்டினார். வியாழக்கிழமை சலித்த சாம்பலும் தேங்காயெண்ணெயும் தொட்டுக் கம்பளித் துணியால் மெருகேற்றினார்.

"கீறல் எங்கேன்னு காட்டு பாப்போம்," என்றார்.

என்னால் காட்ட முடியவில்லை. பொய் சொல்ல மாட்டேன், அவர்மேல் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பெட்டிப் பலகை அந்தக் கறுப்பைக் குடித்துவிடும், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இரும்பு அப்படிக் குடிக்காது. மேலே ஆடை கட்டி, உள்ளே ஈரமாகவே கிடக்கும். பெட்டியைத் தவிர வேறெதிலும் அதைப் பூசிப் பார்த்திராத எங்களுக்கு இது எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். பங்களா வாசலில் காரைவிட்டு இறங்கிய துரை, இடப்பக்க மட்கார்டில் சாய்ந்து நின்று பைப்பைப் பற்றவைத்தார். நகர்ந்தபோது வெள்ளைக் கால்சட்டையின் தொடைப்பக்கம் நீளநீளமாகக் கறுப்பு. மட்கார்டில் மூன்று கீறலும் பழையபடி தெரிந்தன.

"என்னா இது?"

"கீறலுங்க தொரை. பெயிண்டு பூசினேனுங்க."

"யாரு கீறினது?"

இவர் தரையைப் பார்த்தார். "நான்தானுங்க தொரை."

"முட்டாப்பயல்! நாளைக்கு நீ கார் தொட வேணாம். ஸ்டோர் போ. பெட்டி தூக்கு."

அதோடு முடிந்திருக்கும். பெட்டி தூக்கினால் முதுகுதான் ஒடியும். கூலியாட்களின் லயத்தில் ஓர் ஒற்றையறைக் காம்பரா கிடைத்திருக்கும், கஞ்சியோ கூழோ குடித்துக் கிடந்திருப்போம். இவர் சலாம் போட்டுவிட்டு நகரவும் செய்தார். வாளியோடு பக்கத்தில் நின்ற எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவரு இல்லீங்க தொரை. போன சனிக்கெழம நீங்கதான் கேட்டுத் தூண்ல ஒரசினீங்க. தூண்ல கறுப்பு ஒட்டிக்கெடந்தத என் கண்ணால பாத்தேன்."

துரை தூணைத் திரும்பிப் பார்த்தார். அது கழுவிச் சுத்தமாக நின்றது. இருந்தும் பார்வையை எடுக்காமல் நின்றார். காலரிலிருந்து மேலே கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, அதை நான் பார்த்தேன். அப்படியே உள்ளே போய்விட்டார்.

"பாத்தீங்களா, வாயே தொறக்கல!" என்று கராஜுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். ஜெயித்துவிட்டதாக நினைப்பு எனக்கு. இவர் கராஜ் சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை, தோட்டத்தை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா வந்து இரண்டு பேர் பத்துச்சீட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் சொன்னது பொய்யாக இருந்திருந்தால், துரை திட்டிவிட்டு விட்டிருப்பார். உண்மையாக இருந்ததால்தான் எங்கள் முகத்தைத் தினமும் பார்க்க அவரால் முடியவில்லை. இது என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

இவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. கன்னத்தில் இரண்டு வைத்திருந்தால் நான் அழுது ஓய்ந்திருப்பேன். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மூன்றாவது வளைவில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்தோனியம்மா, அடுத்த தோட்டத்துலயாவது நீ வாயத் தொறக்காத."

"சரிங்க," என்றேன்.

அது எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை.