தடவாத பாதி

"பாஸ், டயருக்கு எதுக்குப் போர்வை? அதுக்கும் குளுருமா லா?"

சாக்கில் சுற்றிய டயரைப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டே கேட்டார் வீராசாமி. கீழே நின்ற ஆட்கள் சிரித்தார்கள். யூனுஸ் சிரிக்கவில்லை. தேய்ந்த டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டும் அந்தப் பட்டறையை தஞ்சோங் கிளிங்கில் முப்பத்தொரு வருடம் நடத்தியவர் அவர். அடுத்த மாதம் முதல் அங்கே பழைய டயர்களைப் பிரித்து மூலப்பொருளாக்கும் ஆராய்ச்சிக்கூடம் இயங்கும். கொதிகலனைக் கழற்றியாகிவிட்டது. சுவர்களுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. பரண் மட்டும் மிச்சம். அதில் தாமே ஏற நினைத்திருந்தார். முழங்கால் விடவில்லை.

சாக்கு அவிழ்ந்தது. ஒரு வேன் டயர். மேல் ரப்பர் பாதி உரிந்து தொங்கியது.

ஆராய்ச்சிக்கூடத்தின் பொறுப்பாளர் அதீபா குனிந்து பார்த்தாள்.

"அங்கிள், இது எங்களுக்கு வேணும். வெட்டிப் பார்த்தா ஏன் உரிஞ்சிச்சுன்னு தெரிஞ்சிரும்."

"அத விட்டுரும்மா. வேற நெறைய இருக்கு."

ஆட்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி ரபியா கதவருகே நின்றுவிட்டாள். டயரைப் பார்த்தாள். பிறகு அவரை.

"என்னங்க, இது தாரிக் ஓட்டுன வேனோடதா?"

மூன்று வருடங்களுக்கு முன், கந்தூரி விருந்துக்கு உம்பாய் மீன்துறையிலிருந்து மீன் ஏற்றி வரும்போது வேன் கவிழ்ந்தது. அவர்கள் மகன் தாரிக் இறந்தபோது இருபத்துநான்கு வயது. அதற்குக் கால் மணி நேரம் முன்புதான் ரபியா அவனைப் போனில் கூப்பிட்டு, சட்டி காய்கிறது, சீக்கிரம் வா என்று திட்டியிருந்தாள். தொழுகைப் பாயில் அழும்போதெல்லாம் அதையே சொல்லி அழுவாள். நான்தான் விரட்டினேன். யூனுஸ் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருப்பார். நீ என்ன பண்ணுவே, அல்லாஹ்வோட நாட்டம் என்று சில நாள் சொல்லியிருக்கிறார்.

"வெட்ட வேணாம்மா," என்றார் அதீபாவிடம். "எனக்குத் தெரியும்."

ரப்பர் ஒட்டுமுன் டயரின் உட்புறம் முழுவதையும் வெறும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஆணி ஏறிய துளை கண்ணுக்குப் படாது. உள்ளங்கைக்குப் படும். அதை அடைக்காமல் ஒட்டினால் உள்ளிருந்து காற்று கசிந்து புது ரப்பர் உரிந்துவிடும்.

"பாதி தடவிக்கிட்டிருந்தேன். ஜும்ஆ தொழுகைக்கு பாங்கு சொல்லிட்டாங்க. கைய கழுவிட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து, மீதிய தடவல. நம்ம வண்டிதானேன்னு அப்படியே ஒட்டிட்டேன்." மூச்சு வாங்கினார். "எல்லாம் முடிஞ்சப்புறம் தடவிப் பார்த்தேன். ஓட்டை இருந்துச்சு."

வீராசாமி ஏணியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷமா," என்றாள் ரபியா. "நான் அழுவுறத கேட்டுக்கிட்டேவா இருந்தீங்க?"

சாப்பாட்டுப் பொட்டலங்களைத் தரையில் வைத்துவிட்டு வெளியேறினாள்.

கடலோரச் சாலையில் உச்சி வெயில். வீட்டுக்குப் போகும் பக்கம் அவள் திரும்பவில்லை. யூனுஸ் காரை எடுத்து, கண்ணாடியை இறக்கி, அவள் நடைக்கு ஏற்ப உருட்டிக்கொண்டு போனார். பின்னால் வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்து, ஒதுங்கி, முந்திப் போனது. அது கிளப்பிய காற்றில் அவள் முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. அவள் அதை எடுத்துப் போடாமல் நடந்தாள்.