இயாலுவாவின் பதினொரு பாறைகள்

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆகஸ்டு மாதம், வுனலாமா தீவில் இயாலுவாவின் வீட்டுக்கு எதிரே இருந்த கடலடி எழுந்து வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் எதிர்க்கரையில் ரபாவுல் சந்தையில் தேங்காய் விலை ஏறவில்லை. மீன் விலை மட்டும் கொஞ்சம் இறங்கியது. கடல் இருநூறு அடி பின்வாங்கிய இடத்தில் பதினொரு பவளப்பாறைகளும், தப்பித்துப் போக நேரம் கிடைக்காத இரண்டு திருக்கைகளும், போரில் மூழ்கிய ஒரு ஜப்பான்காரப் படகும் காய்ந்துகொண்டிருந்தன. திருக்கைகளை அன்றே வாழையிலையில் சுற்றிச் சூட்டுக்கல் அடுப்பில் வைத்தார்கள். படகில் கோழி அடைத்தார்கள்.

இதற்கு யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. துறைமுகமே ஒரு பழைய எரிமலையின் வாய்தான். ஊர் அதன் உதட்டில் இருக்கிறது, தேவாலயம் கன்னத்தில். அடியில் உருகிய பாறை வந்து சேரச் சேர, நிலத்தின் மேலோடு மூச்சை இழுத்தவன் வயிறு மாதிரி உப்புகிறது என்று மலைமேல் இருந்த நிலநடுக்க அலுவலகத்தார் அச்சடித்து ஒட்டினார்கள். ஊராருக்கு அச்சடிக்காமலே தெரியும். பானை தேய்க்கத் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல், மழிக்கக் கறுப்புக் கண்ணாடிக்கல், அடுப்புக்குக் கனத்த கருங்கல், பாக்குக்குச் சுண்ணாம்பு சுடப் பவளக்கல் என்று நெருப்பும் கடலும் பெற்ற பிள்ளைகளைத் தனித்தனியாக அறிந்தவர்கள் அவர்கள். இயாலுவா அந்த நெருப்பிலேயே பிழைத்தாள். எதிர்க்கரை எரிமலையின் சூட்டு மணலில் காட்டுக்கோழி முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், அடைகாப்பது மலையின் வேலை. இயாலுவா ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி பறித்து, தலைகீழாக இறங்கி, முட்டைகளை எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவருவாள். விலையை ஒரு தடவைதான் சொல்வாள். அந்தச் சந்தையில் எல்லோருமே அப்படித்தான். இரண்டாவது விலை சொன்னால் முதல் விலை பொய் என்று ஆகிவிடும், அப்புறம் அவளிடம் யாரும் வாங்க மாட்டார்கள். பேரம் பேசியே பிழைக்கும் வியாபாரிகள் அங்கே வந்தால் முதல் மாதம் தூக்கம் வராமல் தவிப்பார்கள்.

அந்த ஊரில் நிலம் தாய்வழி இறங்கும். இயாலுவாவுக்கு நான்கு பெண்கள். பழைய தோட்டமோ நால்வருக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு வாழைக்கொல்லைக்குக்கூடக் காணாது. ஆகவே கடல் விட்டுக்கொடுத்த தரையில் அவள் மறுநாளே சேனை நட்டாள். அதற்கு அடுத்த நாள் நில அளவை அலுவலகத்திலிருந்து லெவி தோபாலில் முளைக்குச்சிகளோடு வந்தான். விரிகுடாவின் அக்கரைக்காரன், தூரத்து உறவில் தம்பி முறை.

"அக்கா, அலை தொடுற கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம். சட்டம் அப்படி."

"அலை நேத்து வரைக்கும் இங்கதான் தொட்டுட்டு இருந்துச்சு. அதுவா எழுந்து போனதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நீ வேணும்னா போய்க் கூட்டிட்டு வா."

லெவி முளைகளை அடித்துவிட்டுப் போனான். காலையில் எல்லா முளைகளும் தரைமேல் வரிசையாகப் படுத்திருந்தன, முனையில் ஆவி பறந்தது. ஏழு தடவை அடித்தான். ஏழு தடவையும் நிலம் முளைகளை ஒன்றுகூடக் குறையாமல் திருப்பிக் கொடுத்தது. அதன்பிறகு அலுவலகம் இறங்கி வந்தது. உள்நாட்டில் ஒரு தோட்டம் தருகிறோம், இந்தக் கரையைக் காலி செய் என்றது. அவள் மாட்டேன் என்றதும் இரண்டு தோட்டம், பிறகு இரண்டு தோட்டமும் தகரக்கூரை வீடும் என்று ஏறியது. ஒவ்வொரு தடவை லெவி புது வார்த்தையோடு வரும்போதும் அந்தக் கரை மட்டும் ஒரு சாண் உயர்ந்தது. பக்கத்துக் கரைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"திங்கக்கிழமை ஒண்ணு, வியாழக்கிழமை ரெண்டு! ஏண்டா, நம்ம ஊர்ப் பிள்ளைதானே நீ? உங்க அம்மா சந்தையில இப்படியா வித்தா?"

லெவியின் காது சிவந்துவிட்டது. "நான் சொல்லலக்கா, ஆபீஸ் சொல்லச் சொல்லுது."

"அப்ப ஆபீஸை வரச் சொல்லு. அதோட அம்மா யாருன்னு நானும் பாக்கறேன்."

வழக்கு நில நீதிமன்றத்துக்குப் போய், எண்பத்தைந்தில் நீதிபதி தானே தீவுக்கு வந்தார். தரை சுட்டதால் நாற்காலியின் கால்களுக்கு அடியில் தேங்காய் மட்டை வைத்தார்கள். இது தன் நிலம்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று இயாலுவாவைக் கேட்டார். அவள் வாயில் இருந்த பாக்கை ஓரமாகத் துப்பிவிட்டு, ஒவ்வொரு பாறையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் மீன்கூடு கட்டிய பாறைகள் அவை. தண்ணீருக்குள் இருந்த காலத்திலேயே பெயர் வைத்தாகிவிட்டது. கூப்பிட்ட வரிசையில் ஒவ்வொரு பாறையும் ஒரு முழம் எழுந்து நின்றது. ஐந்தாவது பாறைக்குக் காது மந்தம், இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பிறகு நீதிபதி லெவியைப் பார்த்தார். லெவி வரைபடத்தைப் பிரித்து, "மனை எண் நாற்பத்தேழு" என்று சத்தமாகப் படித்தான். எதுவும் அசையவில்லை. ஒரு நண்டு மட்டும் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. நீதிபதி இரண்டையும் குறித்துக்கொண்டு, நிலம் இயாலுவாவின் தாய்வழிக்கே என்று எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

நான்கு பெண்களும் அங்கே வீடு கட்டினார்கள். தொண்ணூற்று நான்கில் மலை வெடித்து நகரத்தைச் சாம்பலில் புதைத்தபோது, பதினொரு பாறைகளும் நனைந்த நாய்கள் மாதிரி உடம்பைச் சிலிர்த்துச் சாம்பலை உதறிவிட்டு நின்றன. தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் கரை எழுந்ததோடு அடுத்திருந்த கப்பல்வழியும் மேடாகி, கொப்பரை ஏற்றப் போன கப்பல்கள் இரண்டு தரைதட்டின. துறைமுகத்தார் லெவியை அனுப்பினார்கள். அவனுக்கும் அப்போது தலை நரைத்திருந்தது. சாம்பலை வாரிவிட்டு மறுபடி கூடிய சந்தையில், முட்டை வாங்க வந்தவன்போல அவள் எதிரே குந்தினான்.

"அக்கா, நீ சொன்னா கேக்குதே. முழுசா வேண்டாம், ஒரு முழம் மட்டும் இறங்கச் சொல்லேன். கப்பல் போனா போதும்."

இயாலுவா ஆறு முட்டைகளை இலையில் கட்டி அவன் கையில் வைத்தாள்.

"விலை என்னன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"எத்தனை வருஷமா அதே விலை?"

லெவி பையிலிருந்து காசை எடுத்து எண்ணத் தொடங்கினான்.

"நான் சொல்றது ஒரு தடவைதான் தம்பி. முட்டைக்கும் அப்படித்தான், கல்லுக்கும் அப்படித்தான். இறக்கிச் சொல்ற வார்த்தையை எங்கம்மா எனக்குச் சொல்லித் தரல."

லெவி முட்டைக்குக் காசை வைத்துவிட்டுப் போய், துறைமுக வரைபடத்தில் அந்தப் பதினொரு பாறைகளையும் அவற்றின் பெயர்களோடு வரைந்து கொடுத்தான். கப்பல்கள் இப்போது சுற்றிப் போகின்றன. சுற்றிப் போக அரைமணி கூடுதலாகும். கொப்பரை விலையில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை.