பன்னீர் சோடாவும் ஃபியட் கூரையும்

தௌசிஃபுக்குக் காலையிலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை. இன்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு தங்கை அலீனாவுக்கு நிக்காஹ். முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினத்துக்குத் தன் பழைய ஃபியட்டில் அவனே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். படாளத்தில் ஒழுகுகிற கொட்டகையில் கிடந்த வண்டியை வாங்கி, இந்த ஒரு பயணத்துக்காகவே உயிர் கொடுத்திருந்தான். இன்ஜின் பாடியது, பெயின்ட் பளபளத்தது. உள்கூரைத் துணியில் மட்டும் மழைக்கறை பழுப்புப் பழுப்பாய்ப் படர்ந்திருந்தது.

அலீனா கறாராகச் சொல்லிவிட்டாள். "அந்தக் கறை போனாத்தான் ஏறுவேன். இல்லாங்காட்டி மாப்ள வூட்டு ஏசி கார்ல போய்க்கினே இருப்பேன்."

போவாள், அவ்வளவு அழுத்தக்காரி. துணிக்கடையில் வேலை பார்ப்பவள் வேறு. இரண்டு கையிலும் மருதாணியோடு கார் ஜன்னலருகே நாற்காலி போட்டு அதிகாரம் செய்தாள். "தேய்க்காதண்ணே, துணி கிழிஞ்சிரும். சோடாவத் தொட்டு ஒத்தி ஒத்தி எடு."

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள், எழுந்து போனாள். சோடாவுக்கா பஞ்சம்? விருந்துக்கு வந்த பெட்டிகள் வாசலிலேயே அடுக்கியிருந்தன. ஒரு பாட்டிலை உடைத்து, துண்டை நனைத்து ஒத்தினான். கறையின் பழுப்பு துண்டில் இறங்கியது.

"போவுது! போவுது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். இன்னொரு பாட்டிலை உடைத்தான். கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒட்டின. கதவு வழியாக எறும்புகள் வரிசைகட்டி ஏறின.

திரும்பி வந்த அலீனா மூக்கை உறிஞ்சினாள். "இன்னாண்ணே, ரோஜா வாசனை வந்துகினு கீது? இன்னா சோடா ஊத்தின?"

"நம்ம பன்னீர் சோடாதான்."

"அய்யோ, நான் சொன்னது வெறும் சோடாண்ணே! சர்க்கரைத் தண்ணிய ஊத்தி எறும்புக்கு விருந்து வெச்சிட்டியே!" சிரித்துச் சிரித்து அவள் கண்மை கரைந்தது. தௌசிஃபுக்கோ அழுகை முட்டியது. அதைப் பார்த்ததும் அவள் மனம் இறங்கினாள். "மூஞ்சியத் தூக்காத. ஷாம்பு நுரைய மட்டும் எடு. தண்ணி சொட்டக்கூடாது."

நுரையைத் தடவி, உலர்ந்த துண்டால் ஒத்தினான். அடியிலிருந்து பால்வெள்ளை எட்டிப்பார்த்தது. அடேயப்பா, இந்தத் துணி இந்த நிறமா! இருவரும் வாயைப் பிளந்தார்கள். ஆனால் அந்த வெள்ளைக்குப் பக்கத்தில், அதுவரை நன்றாயிருந்த இடமெல்லாம் கறையாகத் தெரிந்தது. இனி மொத்தக் கூரையையும் துடைத்தால்தான் உண்டு. தௌசிஃப் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வேலையில் இறங்கினான்.

பின்சீட்டுக்கு மேலே முடித்து முன்பக்கம் கைவைத்தபோது பள்ளிவாசலிலிருந்து அசர் பாங்கு கேட்டது. மாப்பிள்ளை முபஷ்ஷிர் ஏசி காரில் வந்து இறங்கினான்.

நிக்காஹ் முடிந்தது. உம்மா சுல்தான் பீவி மகளைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாள். வாசலில் இரண்டு கார்களும் நின்றன. ஃபியட்டின் கதவைப் பிடித்தபடி தௌசிஃப், "பாதிதான் ஆச்சு," என்றான். அவனால் தங்கையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அலீனா குனிந்து, பின்பக்க வெள்ளையையும் முன்பக்கப் பழுப்பையும் பார்த்தாள். மாப்பிள்ளையிடம் "ஏறுங்க" என்றாள். தானும் ஃபியட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"மீதிய நீ தொடாதண்ணே," என்றாள். "அப்படியே வெச்சிரு. வெள்ளிக்கெழம வூட்டுக்கு வந்து நான் தொடைக்கிறேன்."

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"ஒரே நாள்ல முடிச்சிடாதடி."