மூக்கு வழியே ஒரு மடிப்பு

குமணன்சாவடி வசந்தகுமாரி கோடு போட்டால் அது கோடு. அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் பதினான்கு வருஷமாக டிரேசர் வேலை. என்ஜினீயர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து மையில் படியெடுக்க வேண்டும். அவள் போட்ட கோட்டின் மேல் ஓர் எறும்பை விட்டால், அது சீனி டப்பா பக்கத்திலேயே இருந்தாலும் தலையைத் திருப்பாமல் கடைசிவரை நேரே போகும் என்று கம்பெனியில் சத்தியம் செய்வார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு மனுஷ முகம் மட்டும் வரவில்லை. வரவில்லை என்றால், வந்தது. கண்ணும் மூக்கும் கணக்காக வந்தன. யாருடையவை என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

இது அவளோடு போயிருந்தால் பரவாயில்லை. நடுவில் ஒரு நோட்டு இருந்தது. கோடு போடாத இருநூறு பக்க நீள நோட்டு. அதில் நான்கு பேர் முறைவைத்து ஆட்களை வரைந்தார்கள். முதல் ஆள் சின்னப்பையன். பேர்தான் அப்படி, வயசு நாற்பத்திரண்டு, ஐயப்பன்தாங்கல் டிப்போவில் கண்டக்டர். டிரிப் ஷீட்டின் பின்பக்கம் பயணிகளை வரைந்து வைத்துவிட்டு டிப்போவில் திட்டு வாங்குகிறவர். அடுத்து ஜமீலா, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டை ஒட்டித் தையல் கடை வைத்திருந்தவள். மூன்றாவது உத்தமன், ஆவடி குவார்ட்டர்ஸ்காரர், தொழிற்சாலையில் வெல்டர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இரும்புத் தகட்டில் சாக்பீஸால் ஃபோர்மனை வரைந்து, அந்த மூக்கின் மேலேயே வெல்டிங் வைப்பதில் அவருக்குத் தனி ஆனந்தம். நான்காவது வசந்தகுமாரி. பூந்தமல்லியிலிருந்து எஸ்டேட் போகும் காலை வண்டியில் நோட்டு சின்னப்பையனோடு ஏறி இறங்கும். ஆவடிக்கு மட்டும் வேறொரு கண்டக்டர் கைமாற்றிக் கொண்டுபோவார். வாரத்துக்கு ஒரு சுற்று.

சட்டதிட்டம் எழுதியவள் வசந்தகுமாரி. கையெழுத்து அச்சுப் போல் இருக்கிறதே என்று அந்த வேலையை அவளிடம் கொடுத்தது மற்ற மூவரின் தப்பு. இடது பக்கம் படம், வலது பக்கம் மற்றவர்கள் கண்ட குறை. படத்துக்குக் கீழே பேர் எழுதக் கூடாது. ‘நன்றாக இருக்கிறது’ என்று எவராவது எழுதினாலும் சொன்னாலும் தண்டனையாக இருபது கை வரைந்து தர வேண்டும். படம் வரைகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இருபது கை வரைவதற்கு இருபது நாள் ஜெயில் தேவலை என்பார்கள். கடைசி விதிதான் முக்கியம். வாரா வாரம் திங்கட்கிழமை படத்தைக் காலை வண்டியில் தூக்கிக் காட்ட வேண்டும். அந்த ஆள் இன்னாரென்று பயணிகள் கண்டுகொள்ள வேண்டும். பன்னிரண்டு சுற்றில் ஒருமுறைகூட இது நடக்காதவர் வீட்டுக்கு அப்புறம் நோட்டு வராது. படம் காட்டுவது எக்காரணம் கொண்டும் ஒத்திவைக்கப்படமாட்டாது. இதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள். முதலில் தேறப்போவது தான்தான் என்று அவ்வளவு நம்பிக்கை.

சின்னப்பையன் முதல் சுற்றிலேயே தேறினார். அவர் வரைந்தது செக்கிங் இன்ஸ்பெக்டரை. நோட்டைத் தூக்கியதும் பஸ் முழுக்கச் சட்டைப் பையில் கைவிட்டு டிக்கெட்டைத் தேடியது. டிக்கெட் எடுக்காத இருவர் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தார்கள். உத்தமன் நான்காவது சுற்றில் தன் ஃபோர்மனை வரைய, ஆவடிக்காரர் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். ஜமீலா ஐந்தாவதில் ஒரு கல்யாணத் தரகரை வரைந்தாள். பின்சீட்டில் இருந்த இளவட்டம் ஒன்று படத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டது, எஸ்டேட் வரும்வரை நிமிரவில்லை.

வசந்தகுமாரிக்குப் பத்து சுற்று போய்விட்டது. பத்தாவது படம் கீரைக்காரி குப்பம்மா. தினமும் ஐயப்பன்தாங்கலில் கூடையோடு ஏறி, லக்கேஜ் டிக்கெட்டுக்காகச் சின்னப்பையனோடு சண்டை போட்டு, எஸ்டேட் வாசலில் கடை போடுகிறவள். அந்த வண்டியில் அவளைத் தெரியாதவன் டிரைவர் சீட்டுக்கு மேலே மாட்டியிருந்த பிள்ளையார் மட்டும்தான். திங்கட்கிழமை படத்தைத் தூக்கிக் காட்டியபோது, நல்லவேளையாகக் குப்பம்மா வரவில்லை. ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எந்தக் கோயில் அம்மன் என்று கேட்டார்.

நோட்டு அந்த வாரம் சுற்றி வந்தபோது வலது பக்கத்தில் உத்தமன் எழுதியிருந்தார்: ‘எங்க ஊரில் இப்படி விறைத்து நின்றால் சாமி வந்துவிட்டது என்று வேப்பிலை கொடுப்பார்கள்.’ அதன் கீழே ஜமீலா: ‘அக்கா, தாளை மூக்கு வழியே மடித்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு காதும் ஒன்றாகிவிட்டது. இரண்டு கண்ணும் ஒன்றாகிவிட்டது. என்னிடம் ரவிக்கைக்கு அளவு கொடுத்த எந்தப் பொம்பளைக்கும் இரண்டு தோள் ஒரே மாதிரி இருந்ததில்லை. நீங்கள் பாதி ஆளைத்தான் பார்க்கிறீர்கள்.’

வசந்தகுமாரிக்கு முதலில் சுறுசுறுவென்று கோபம் வந்தது. பிறகு பத்துப் படங்களையும் மடித்துப் பார்த்தாள். பத்தும் மடிப்பில் அச்சாகப் பொருந்தின. டிராயிங் ஆபீஸில் இருபுறமும் ஒன்றாக இருக்கிற உருப்படியென்றால் பாதிதான் வரைவார்கள். நடுக்கோட்டில் டிரேசிங் பேப்பரை மடித்தால் மறுபாதி தானாக வந்துவிடும். பதினான்கு வருஷத்தில் அந்த மடிப்பு அவள் விரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பம்ப் மூடிக்குச் செய்ததையே குப்பம்மாவுக்கும் செய்திருந்தாள், செய்கிறோம் என்றே தெரியாமல்.

அந்த நோட்டு போனால் போகட்டும் என்று அவளால் இருக்க முடியாது. ஆபீஸில் அவள் போடுவதெல்லாம் வேறொருவர் போட்ட கோட்டின் மேல் கோடு. சொந்தமாக ஒரு கோடு போட்டு, அது தப்பு என்று நாலு பேர் சொல்லக் கேட்கிற இடம் அவளுக்கு உலகத்தில் அது ஒன்றுதான். இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பதினோராவது சுற்றுக்கும் குப்பம்மாதான். இந்த முறை மடிக்கவில்லை. ஸ்கேலை வைத்து இடது கண்ணை மூன்று மில்லிமீட்டர் இறக்கினாள், வலது தோளை ஐந்து மில்லிமீட்டர் ஏற்றினாள், வாயை ஏழு டிகிரி சாய்த்தாள். அந்தத் திங்களும் குப்பம்மா வண்டியில் இல்லை, ஏதோ விசேஷத்துக்குப் போயிருந்தாள். பஸ்ஸில் ஒரு அம்மாள் படத்தைப் பார்த்துப் பதறி, எங்கே அடிபட்டது என்று விசாரித்தாள். பக்கத்திலிருந்தவர் எலும்புக்குப் புத்தூர் கட்டுப் போட்டால் சரியாகிவிடும், தன் மச்சானுக்கே சரியானது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

சின்னப்பையன் நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார். குறையை நோட்டில்தான் எழுத வேண்டும் என்றுகூடப் பார்க்கவில்லை, நேரிலேயே சொன்னார்.

“தங்கச்சி, கோணல எங்கிருந்தோ இஸ்துகினு வந்து அந்தம்மா மூஞ்சில ஒட்டிகீற. அது இன்னாத்துக்குக் கோணிகினு கீதுன்னு பாக்கவே இல்லியே நீ.”

மறுநாளிலிருந்து ஐந்து நாள் வசந்தகுமாரி ஸ்கேலைத் தொடவில்லை. குப்பம்மாவைத்தான் பார்த்தாள். பஸ்ஸில் பார்த்தபோது முதல் நாளே மாட்டிக்கொண்டாள்.

“இன்னாம்மே, என் மூஞ்சில பயாஸ்கோப்பு ஓடுதா?” என்றாள் குப்பம்மா.

கீரை வாங்குகிற சாக்கில் பார்ப்பதுதான் வழி என்று ஆகிவிட்டது. எஸ்டேட் வாசலில் காலையில் ஒரு தரம், சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். ஒவ்வொரு கட்டாகப் புரட்டிப் பார்க்கிற பாவனையில் ஆளைப் பார்த்தாள். வீட்டில் அரைக்கீரை மசியல், முளைக்கீரைக் கூட்டு, சிறுகீரைப் பொரியல், மறுபடி அரைக்கீரை. நாலாம் நாள் அவள் புருஷன் குணசேகரன் வாசலை விட்டு இறங்கியபோது ஓர் ஆடு தெரு முனைவரை அவரைப் பின்தொடர்ந்து வந்ததாம். வேறு புருஷனாக இருந்தால் இந்நேரம் சண்டை மூண்டிருக்கும் என்று அவர் முணுமுணுத்தார். அப்படியே கொஞ்சம் அசையாமல் முணுமுணுங்கள் என்று அவரையும் வரைந்துகொண்டாள்.

பார்க்கப் பார்க்க விஷயம் விளங்கியது. குப்பம்மாவின் இடது இடுப்பு தூக்கியிருந்தது, கூடை உட்காருகிற இடம் அது. இடுப்பு தூக்கியதால் வலது தோள் சரிந்தது, தோள் சரிந்ததால் கழுத்து மறுபக்கம் போனது. வாய் இடதுபுறம் இழுத்தது, வெற்றிலை அந்தக் கடைவாயில்தான் குடியிருந்தது. காலை வெயில் வலது பக்கத்திலிருந்து அடிக்கிற இடத்தில் கடை போட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்ததில் வலது கண் பாதி மூடியே பழகிவிட்டது. ஒன்றைக் கோணலாக்கியது இன்னொன்று. ஒன்றைப் பிடித்து இழுத்தால் ஆள் முழுக்க வந்துவிடும்.

நாற்பது தாள் கிழித்தாள். நாற்பத்தொன்றாவதைச் சாப்பாட்டு நேரத்தில் டிராயிங் போர்டின் ஓரத்தில் வைத்து முடித்தபோது, செக்‌ஷன் தலைவர் பரந்தாமன் பின்னால் வந்து நின்றார். ஆபீஸில் எந்தக் காகிதத்தைக் கண்டாலும் கை தானாகச் சிவப்புப் பென்சிலுக்குப் போகிற மனிதர். மூக்குக்கு நேரே ஒரு வட்டம் போட்டு, ‘நடுக்கோடு விலகல், திருத்தவும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். பதினான்கு வருஷத்தில் அவள் பேரில் விழுந்த முதல் சிவப்பு. டப்பாவில் மிச்சமிருந்த கீரை மசியலை அன்றைக்கு ஆபீஸுக்கே பங்கு வைத்தாள், அவ்வளவு சந்தோஷம். அதே ஆளை அப்படியே நோட்டில் ஏற்றினாள், இம்முறை நின்றபடி, இடுப்பில் கூடையோடு, கூடையைப் பிடித்த கையோடு.

பன்னிரண்டாம் சுற்று. திங்கட்கிழமைக் காலை வண்டி மூச்சுவிட இடமில்லாமல் வந்தது. வசந்தகுமாரி குமணன்சாவடியில் ஏறி நோட்டைக் கொடுத்தாள். சின்னப்பையன் டிக்கெட் கிழித்து முடிப்பதற்குள் ஐயப்பன்தாங்கல் வந்தேவிட்டது. இந்த முறை எந்த விசேஷமும் இல்லை. கூடையோடு ஏறிய குப்பம்மாவுக்கு ஒருவர் எழுந்து இடம் விட்டார். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குக் காட்டலாம் என்று வசந்தகுமாரி சைகை காட்டினாள். சின்னப்பையன் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, ‘எக்காரணம் கொண்டும்’ என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு அடிக்கோடும் அவளைப் பார்த்துப் பல்லிளித்தன. பிறகு படத்தைத் தலைக்கு மேல் தூக்கினார்.

பஸ்ஸில் ஒரு சத்தமில்லை. முன்வரிசை பார்த்தது, பின்வரிசை எக்கிப் பார்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்ட பெரியவர் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போரூர் தாண்டியும் எவரும் வாய் திறக்கவில்லை. போயிற்று என்று வசந்தகுமாரி முடிவு கட்டிவிட்டாள். கம்பியைப் பிடித்தபடி, நோட்டு இல்லாவிட்டால் என்ன, நாளையிலிருந்து குமணன்சாவடி முனையில் படத்தை ஒட்டி வைத்துப் போகிற வருகிறவர்களிடம் குறை கேட்பது என்றும் தீர்மானித்துவிட்டாள்.

குப்பம்மா கூடையை நகர்த்திவிட்டுக் கழுத்தைச் சாய்த்தாள். வலது கண்ணைச் சுருக்கினாள். வாயை இடதுபக்கம் இழுத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

“யார் நைனா இவ? மூஞ்சப் பாத்தாலே வம்புச் சண்டைக்கு வர்றவ மாரி கீறா.”

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் வெடித்து, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, டிரைவர் டயர் வெடித்துவிட்டதென்று ஓரம் கட்டினார். பஸ் முழுக்கப் பார்த்தவுடனேயே தெரிந்துகொண்டிருந்தது. குப்பம்மா பக்கத்தில் இருக்கையில் அதைச் சொல்கிற தைரியம்தான் நாற்பது ஆண்பிள்ளைகளில் ஒருவருக்கும் இல்லை. கடைசியில் பெரியவர்தான், ஓடிவிடத் தோதாகப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டு, “அது நீதாம்மா” என்றார்.

குப்பம்மா நோட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி மறுபடி கிளம்பி ஒரு ஸ்டாப்பிங் போகும்வரை நிமிரவில்லை. வசந்தகுமாரி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நல்லாத்தான் கீது,” என்றாள் குப்பம்மா.

சின்னப்பையனுக்கு வந்த குஷியைப் பார்க்க வேண்டுமே. லக்கேஜ் டிக்கெட் சண்டையில் எத்தனையோ வருஷமாகத் தோற்றுவந்த மனிதர், அவள் மடியிலிருந்த நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டி விதியைச் சத்தமாகப் படித்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டி, “யக்கா, இருபது கை வரையணும். சட்டம்” என்றார்.

குப்பம்மா அசரவில்லை. மறுபடி தன் படத்துக்குத் திருப்பி, இடது கையை அதன் எதிரே வலது பக்கத் தாளின் மேல் அப்படியே பரப்பி வைத்தாள். வண்டி குலுங்கக் குலுங்க, கையைச் சுற்றிப் பென்சிலை ஓட்டினாள். கையை எடுத்துவிட்டு, “ஒண்ணு ஆச்சு,” என்றாள்.

வசந்தகுமாரி குனிந்து பார்த்தாள். கீரைச்சாறு படிந்த தாளில் நாலு விரல் நேராக இருந்தன. சுண்டுவிரல் கொக்கி போல் வெளியே வளைந்து நின்றது. இடது பக்கத்தில் தான் வரைந்த படத்தைப் பார்த்தாள். கூடையைப் பிடித்த கையில் ஐந்து விரலும் கம்பெனி விரல்கள், வார்த்தெடுத்த மாதிரி.

“இந்த விரல் ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“கீரக் கட்டுக்கு நாரு இஸ்து முடி போடணும்ல. முப்பது வருசம் இஸ்துப் பாரு, உன்னுதும் வளையும்.”

வசந்தகுமாரி கைப்பையிலிருந்து ரப்பரை எடுத்தாள். அவள் இறங்க வேண்டிய மண்ணூர்பேட்டை வந்தது, குப்பம்மாவின் எஸ்டேட் வாசலுக்கு இன்னும் ஒரு ஸ்டாப்பிங். சின்னப்பையன் ஒரு விசில் கொடுத்தார், அவள் இறங்கவில்லை. இன்னொரு விசில் கொடுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். அவள் குப்பம்மாவின் பக்கத்தில் சீட்டு நுனியில் ஒட்டி உட்கார்ந்து, வரைந்து வைத்திருந்த சுண்டுவிரலை அழித்துவிட்டு, நாரைச் சுற்றுவது போல் விரலை மடக்கிக் காட்டச் சொன்னாள்.

“காட்டறேன்,” என்றாள் குப்பம்மா. “பாக்கிக்கு நாளைக்கு ஊட்ல கீறவங்க கையெல்லாம் இட்டாரேன்.”