ரோஸ் போகாத பல்செட்

பல்லில் ஒட்டும் அழுக்கை வளர்த்து, பிறகு அதை அழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பல் மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். பல்செட் செய்கிற பிளாஸ்டிக்கில் வெட்டிய வில்லைகள்மேல் வாய்க் கிருமிகளை விடுவோம். அவை பசை ஒன்றைச் சுரந்து, அதற்குள் குடும்பம் குட்டியோடு உட்கார்ந்துகொள்ளும். தேய்த்தால் லேசில் போகாது. நொதி அந்தப் பசையை அறுக்கும், சோப்பு மிச்சத்தைத் தூக்கிப் போகும். இரண்டும் கலந்த பொடியைத்தான் சோதித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் சாயம் விட்டால், அந்தக் கிருமிப் படலம் மிச்சமிருக்கிற இடம் ரோஸாகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, பொடி கரைத்த ஒரு பாட்டிலை மட்டும் கொதிக்கவைப்போம். சூட்டில் நொதி செத்துவிடும். அதில் ஊறிய வில்லை ரோஸாகவே கிடக்கும்.

அப்பாவுக்கு மேலும் கீழும் பல்செட். போன வருஷம் நிமோனியா வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "பல்செட் அழுக்குதான் நுரையீரலுக்கு இறங்குது. இன்னொரு தடவை வந்தா தாங்கமாட்டாரு" என்றார் டாக்டர். ஆய்வுக்கூடத் தலைவியிடம் கேட்டு, அந்தப் பொடியில் ஒரு டப்பா வாங்கிவந்தேன்.

அதற்கு நாற்பது டிகிரித் தண்ணீர் வேண்டும். அப்பாவுக்குக் கை நடுக்கம், அடுப்புப் பக்கம் விடமாட்டேன். காலை எட்டு மணிக்குக் கொதிக்கும் தண்ணீரை பிளாஸ்கில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போவேன். எங்கள் கிழட்டு பிளாஸ்கில் அது மதியம் ஒரு மணிக்கு நாற்பத்தொன்றுக்கு இறங்கிவிடும். தெர்மாமீட்டர் வைத்து மூன்று நாள் பார்த்திருந்தேன். சாப்பிட்டதும் அப்பா அதைக் கிண்ணத்தில் ஊற்றி, பொடி போட்டுப் பல்செட்டை ஊறவைக்க வேண்டும். ஞாயிறுதோறும் நான் சாயம் விட்டுப் பார்ப்பேன். முதல் மாதம் பல்செட் பளிச்சென்று இருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு ரோஸ். அடுத்த ஞாயிறு அதைவிட ரோஸ்.

"ஊற வைக்கிறீங்களா இல்லையாப்பா?"

"தினமும் வைக்கிறேம்மா."

"என் காதுலயே பூ சுத்தாதீங்க. நாள் முழுக்க இதைத்தான் பாக்குறேன். சாயம் பொய் சொல்லாது."

மூன்றாவது ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது. "மறுபடி ஆஸ்பத்திரில படுத்தா நான் வந்து உக்காரமாட்டேன், சொல்லிட்டேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அப்பா சாயம் பிடித்த பல்செட்டை வாங்கிக் குழாயடியில் கழுவினார்.

புதன்கிழமை இருமல் ஆரம்பித்தது. கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்றே மதியம் லீவு போட்டு வந்து சமையலறை வாசலில் நின்றேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பல்செட்டைக் கழற்றினார். கரண்டியில் பொடியை விரலால் மட்டம் தட்டிக் கிண்ணத்தில் போட்டார். பிளாஸ்கைத் திறந்தார். ஆவி பறந்தது.

அது புது பிளாஸ்க். மூன்று வாரத்துக்கு முன் தம்பி மனைவி வாங்கிவந்தது. பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு, அதே எட்டு மணிக்கு அதே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தவள் நான். தெர்மாமீட்டரை விட்டேன். எண்பத்திரண்டு. வேலையில் கொதிக்கவைத்துக் கொல்கிற நொதியை, வீட்டில் அப்பா கையாலேயே தினமும் கொல்லவைத்திருக்கிறேன். வாயைத் திறக்கச் சொன்னேன். சூட்டில் வளைந்த பல்செட் உரசி ஈறு புண்ணாகியிருந்தது.

"இவ்வளவு ஆவி பறக்குதே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாப்பா?"

"அளந்து பாத்து ஊத்துறவ நீ. சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். நீ திட்டினப்புறம் சாயங்காலமும் ஒரு தடவை வெச்சேன்."

பொடி டப்பாவைத் திறந்தேன். இருக்கவேண்டிய அளவுக்கும் கீழே போயிருந்தது. முன்பே இதைத் திறந்து பார்த்திருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. தப்பு என்னோடது. கிளம்புங்க, டாக்டர்கிட்ட நெஞ்சைக் காட்டிடலாம்."

அப்பா சட்டையை எடுத்து மாட்டினார். இருமி முடித்து, பல் இல்லாத வாயால் கேட்டார்:

"படுக்கச் சொன்னாங்கன்னா வந்து உக்காருவல்லம்மா?"